இந்த வெள்ளைத் தூள் எது? – அஸ்பிரின் வழியே ஒரு சேதன இரசாயனப் பாடம்

பரீட்சை விடைத்தாளில் அம்புக்குறி வரைவது இலகுவானது. இடது பக்கத்தில் ஒரு சேர்வை, வலது பக்கத்தில் இன்னொரு சேர்வை, நடுவில் ஓர் அம்பு, அம்பின் மேல் சோதனைப்பொருளின் பெயர். சேதன இரசாயனத்தில் இத்தகைய மாற்றல் வினாக்களுக்கு எங்கள் உயர்தர மாணவிகள் திறமையாகவே விடை எழுதுகிறார்கள். ஆனால் ஆய்வுகூடத்தில் அம்புக்குறி எதுவும் இல்லை. ஒரு குடுவையும் அதன் அடியில் படிந்திருக்கும் ஏதோ ஒரு வெள்ளைப் பொருளும்தான் இருக்கும். நாம் வலது பக்கத்தில் எழுதிய சேர்வைதான் அது என்று யார் சொன்னது?

இக்கட்டுரையில் அந்தக் கேள்விக்கு விடை தேடும் முறைகளைப் பற்றியே எழுதுகிறேன். ஒரு சேர்வையைத் தொகுப்பது பாதி வேலை. தொகுத்தது இன்னதுதான், வேறெதுவும் கலந்திருக்கவில்லை என்று நிறுவுவது மறுபாதி. எங்கள் பாடத்திட்டத்தில் முதற்பாதிக்கு அலகு அலகாக இடம் இருக்கிறது. மறுபாதியோ இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிறது. இதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. எல்லோருக்கும் தெரிந்த அஸ்பிரினை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

அதற்கு முன் "சேதன" என்ற சொல்லைச் சற்று நின்று பாருங்கள். தமிழ்நாட்டில் இப்பாடத்தைக் கரிம வேதியியல் என்பார்கள். நாங்கள் சேதன இரசாயனம் என்கிறோம். சேதனம் என்றால் உணர்வுள்ளது, உயிருள்ளது என்று பொருள். உயிரினங்களின் உடலில் காணப்படும் பொருள்களை உயிரின் ஆற்றலால் மட்டுமே ஆக்க முடியும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. பெயர் மட்டும் எங்கள் பாடப்புத்தக அட்டையில் இன்னும் இருக்கிறது. 1828 இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் பிரீட்ரிச் வோலர், அமோனியம் சயனேற்று என்ற அசேதனப் பொருளிலிருந்து யூரியாவைப் பெற்றார் என்பது நீங்கள் அறிந்ததே. நான் வகுப்பில் அழுத்திச் சொல்வது அதற்கடுத்த படியை. தமக்குக் கிடைத்த வெண் பளிங்குகளை, சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த யூரியாவோடு அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றே என்று கண்ட பிறகே அறிவித்தார். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் அவரிடம் இருந்தது பெயரில்லாத ஒரு வெள்ளைப் பொருள் மட்டுமே.

அதே 1828 இல் மியூனிக் நகரில் யொகான் புக்னர் என்பவர் வில்லோ மரப்பட்டையிலிருந்து சலிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். காய்ச்சலுக்கும் நோவுக்கும் அந்த மரப்பட்டையை மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். பத்து ஆண்டுகள் கழித்து இத்தாலியரான ரபாயேல் பிரியா சலிசினிலிருந்து சலிசிலிக்கமிலத்தைப் பெற்றார். 1870 களில் ஹேர்மன் கொல்பேயின் முறைப்படி பீனோலிலிருந்தே அதைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கினார்கள். மூட்டு வாதத்துக்கு அது நல்ல மருந்து. ஆனால் வயிற்றைப் புண்ணாக்கும்; வாயில் வைக்கவும் முடியாது.

சலிசிலிக்கமிலத்தின் அமைப்பை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு பென்சீன் வளையம். அதில் ஒரு காபனில் காபொட்சிலிக்கமிலக் கூட்டம். அடுத்த காபனில் ஐதரொட்சில் கூட்டம். இந்த ஐதரொட்சிலின் ஐதரசனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அசற்றைல் கூட்டத்தை வைத்தால் அசற்றைல் சலிசிலிக்கமிலம், அதாவது அஸ்பிரின், கிடைக்கும். சலிசிலிக்கமிலத்தின் சார் மூலக்கூற்றுத் திணிவு 138. அதனோடு தாக்கமுறும் அசற்றிக் நீரிலி 102. கூட்டினால் 240. மறுபக்கத்தில் அஸ்பிரின் 180, பக்க விளைபொருளான அசற்றிக்கமிலம் 60. கணக்குச் சரி. தாளில் இதோடு வேலை முடிந்துவிடுகிறது.

ஆய்வுகூடத்தில் இப்போதுதான் தொடங்குகிறது. அசற்றிக் நீரிலி போதைப்பொருள் தயாரிப்பில் தவறாகப் பயன்படுத்தப்படக்கூடியது என்பதால் சர்வதேச ரீதியாகக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். ஆகவே தொகுப்பைப் பாடசாலையில் நாங்கள் செய்வதில்லை. பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடத்தில் நான் செய்ததையே இங்கே சொல்கிறேன். உலர்ந்த கூம்புக் குடுவையில் 2 கிராம் சலிசிலிக்கமிலம். அதனுடன் 5 மில்லிலீற்றர் அசற்றிக் நீரிலி. ஊக்கியாகச் செறிந்த சல்பூரிக்கமிலம் ஐந்து துளிகள். குடுவையை 50 முதல் 60 பாகை செல்சியஸ் வரை சூடான நீரில் கால் மணி நேரம் வைத்து மெதுவாக ஆட்டினால் தூள் முழுவதும் கரைந்து தெளிந்த திரவமாகும். பின்னர் ஆறவிட்டு, குளிர்ந்த நீரைச் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்துக் கண்ணாடிக் கோலால் குடுவையின் உட்சுவரை உரசினால், பளிங்குகள் திடீரென்று பொலபொலவென இறங்கும். அந்தக் கணத்தை விவரிக்க எனக்குச் சொற்கள் போதாது. நீங்கள் பல்கலைக்கழகம் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடுவை ஏன் உலர்ந்ததாக இருக்க வேண்டும்? அசற்றிக் நீரிலி நீரோடு தாக்கமுற்று அசற்றிக்கமிலமாகிவிடும். பிறகு சலிசிலிக்கமிலத்துக்குத் தர அதனிடம் எதுவும் மிஞ்சாது. அப்படியானால் கடைசியில் நாமே ஏன் நீர் சேர்க்கிறோம்? அதே காரணத்துக்காகத்தான். 5 மில்லிலீற்றர் நீரிலி தேவைக்கு மிக அதிகம். எஞ்சியதை அழிப்பதற்கு நீர். அஸ்பிரின் குளிர்ந்த நீரில் அதிகம் கரையாது என்பதால் அது வெளியே வந்துவிடும்.

வடிகட்டிய உடனேயே எடையைப் பார்க்கும்படி எங்கள் விரிவுரையாளர் சொன்னார். என்னுடையது 3.1 கிராம். இரண்டு கிராம் சலிசிலிக்கமிலத்திலிருந்து கொள்கையளவில் கிடைக்கக்கூடிய மிகக் கூடிய அளவு 2.61 கிராம்தான். அதாவது என் விளைச்சல் 119 சதவீதம்! மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு. பளிங்குகளின் இடையில் தங்கியிருந்த நீரும் அமிலமும் தராசில் ஏறி அமர்ந்திருந்தன. நன்றாக உலர்த்திச் சுத்திகரித்த பிறகு மிஞ்சியது 1.9 கிராம், 73 சதவீதம். எங்களை ஈரமாக நிறுக்கச் சொன்னதன் நோக்கம் இதுவே. தராசு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். என்ன இருக்கிறது என்று அதனால் சொல்ல முடியாது.

சுத்திகரிப்புக்கு மீள்பளிங்காக்கல் என்று பெயர். பொருளைச் சூடான எதனோலில், இயன்றவரை குறைந்த அளவில், கரைத்து, இளஞ்சூடான நீரைச் சேர்த்து, அவசரப்படாமல் ஆறவிட வேண்டும். பளிங்கு வளரும்போது தன்னைப் போன்ற மூலக்கூறுகளையே வரிசையில் சேர்த்துக்கொள்ளும். பொருந்தாதவை கரைசலிலேயே தங்கிவிடும். வேகமாகக் குளிரவிட்டால் பொருந்தாதவையும் உள்ளே சிக்கிக்கொள்ளும். இங்கே ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. அற்ககோல் என்ற சொல் அரபு மொழியின் அல்-குஹ்ல் என்பதிலிருந்து வந்தது. கண்ணுக்கு இடும் சுருமாவின் மிக நுண்ணிய தூளுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பின்னர் ஐரோப்பியர் சுத்திகரித்துப் பெற்ற எந்தப் பொருளின் சாரத்துக்கும் அதைப் பயன்படுத்தி, கடைசியில் வடித்தெடுத்த திரவத்துக்கே உரியதாக்கிவிட்டார்கள். சுத்திகரிப்பின் பெயரைத் தாங்கிய ஒரு திரவத்தால் இன்றும் நாங்கள் சுத்திகரிக்கிறோம்.

இனி, கேட்டறியும் முறைகள்.

முதலாவது, மிக எளிதானது, பெரிக் குளோரைட்டு. பென்சீன் வளையத்தில் நேரடியாக இணைந்த ஐதரொட்சில் கூட்டம் இருந்தால் பெரிக் குளோரைட்டின் மஞ்சள் கரைசல் ஊதா நிறமாக மாறும். சலிசிலிக்கமிலத்தில் அந்தக் கூட்டம் இருக்கிறது. அஸ்பிரினில் அது அசற்றைலால் மூடப்பட்டுவிட்டது. ஆகவே சலிசிலிக்கமிலம் கடும் ஊதா நிறம் தரும். தூய அஸ்பிரின் தராது. மெல்லிய ஊதா தோன்றினால் தாக்கமுறாத சலிசிலிக்கமிலம் இன்னும் கலந்திருக்கிறது என்று பொருள். இச்சோதனை ஒன்று இருக்கிறதா இல்லையா என்று சொல்வதில் கெட்டி. ஆனால் ஊதா வரவில்லை என்பதால் மட்டும் அது அஸ்பிரின் என்று முடிவு செய்ய முடியாது. சீனியும்தான் ஊதா நிறம் தராது.

இரண்டாவது உருகுநிலை. ஒரு பக்கம் மூடிய மயிர்த்துளைக் குழாயில் சிறிதளவு தூளை இறக்கி, வெப்பமானியின் அருகில் வைத்துச் சூடாக்க வேண்டும். முதல் துளி தோன்றும் வெப்பநிலையையும் கடைசிப் பளிங்கு மறையும் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். தூய அஸ்பிரின் ஏறத்தாழ 135 பாகையில் உருகும். சலிசிலிக்கமிலம் 159 அளவில் உருகும். பரசிற்றமோல் 169 அளவில். எனது பொருள் மீள்பளிங்காக்கலுக்கு முன் 128 இல் உருகத் தொடங்கி 132 இல் முடிந்தது. பின்னர் 134 முதல் 136 வரை. எண் உயர்ந்ததை மட்டும் பார்க்காதீர்கள். இடைவெளி ஒடுங்கியதையும் பாருங்கள். மாசு கலந்த பொருள் தாழ்ந்த வெப்பநிலையில், நீண்ட இடைவெளியில் உருகும். பனிக்கட்டியில் உப்பைத் தூவினால் அது பூச்சியத்துக்குக் கீழேயும் உருகுகிறதல்லவா, அதே நியாயம்தான். அஸ்பிரினில் ஒரு சிறு தொல்லை உண்டு. உருகும் தறுவாயில் அது சிதையவும் தொடங்கும். ஆகவே மிக மெதுவாகச் சூடாக்கினால் தவறான எண் வரும்.

இதிலிருந்து பிறந்த ஒரு தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தமானது. உங்களிடம் பெயர் தெரியாத ஒரு தூள். அது 135 இல் உருகுகிறது. அதே வெப்பநிலையில் உருகும் வேறு பல சேர்வைகளும் இருக்கலாம். என்ன செய்வது? பெயர் தெரிந்த தூய அஸ்பிரினில் கொஞ்சம் எடுத்து இதனோடு கலந்து அரைத்து, கலவையின் உருகுநிலையை அளவிட வேண்டும். அதே 135 இல் உருகினால் இரண்டும் ஒன்று. குறைந்து போனால், ஒன்று மற்றதற்கு மாசாகிவிட்டது. அவை வேறு வேறு பொருள்கள். விலையுயர்ந்த கருவிகள் வருவதற்கு முன் பல தலைமுறை இரசாயனவியலாளர்கள் இந்தக் கலப்பு உருகுநிலையையே நம்பி வாழ்ந்தார்கள்.

உறைநிலையும் ஊதா நிறமும் நீதிமன்றம் வரை போன கதை ஒன்று உண்டு. 1853 இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் சார்ள்ஸ் கெர்ஹார்ட் அசற்றைல் சலிசிலிக்கமிலத்தை முதன்முதலில், தூய்மையற்ற நிலையில், ஆக்கினார். 1869 இல் கார்ல் கிரவுட் அதுபற்றி மேலும் எழுதினார். 1897 ஓகஸ்டில் பேயர் நிறுவனத்தில் பணியாற்றிய பீலிக்ஸ் ஹொவ்மன் அதைத் தூய்மையாகப் பெற்றார். (அந்த ஆய்வை வழிநடத்தியவர் தாமே என்று அவருடன் பணியாற்றிய ஆர்தர் ஐகன்குறூன் 1949 இல் எழுதினார், அது தனிக்கதை.) 1899 இல் அஸ்பிரின் என்ற பெயரில் மருந்து விற்பனைக்கு வந்தது. 1900 இல் அமெரிக்காவில் ஹொவ்மனின் பெயரில் ஆக்கவுரிமை கிடைத்தது. "இது ஏற்கெனவே கிரவுட் செய்த பொருள்தானே, இதற்கு எப்படி உரிமை கோரலாம்?" என்று போட்டி வணிகர்கள் கேட்டார்கள். ஆக்கவுரிமைப் பத்திரத்தில் ஹொவ்மன் தரப்பின் பதில் ஏற்கெனவே இருந்தது. கிரவுட்டின் பொருளை உருக்கி ஆறவிட்டால் 118 பாகை அளவில் உறையத் தொடங்குவது. என்னுடையது 70 அளவில். கிரவுட்டின் பொருள் பெரிக் குளோரைட்டில் ஊதா தருவது, என்னுடையது தராது.

அதாவது நீங்கள் ஆய்வுகூடத்தில் செய்வதைப் போன்ற சோதனைகளே! 1905 இல் இங்கிலாந்து நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பழைய பொருளே சற்றுத் தூய்மையாக்கப்பட்டிருக்கிறது என்று கூறி ஆக்கவுரிமையைச் செல்லாததாக்கியது. 1910 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமோ, மாசு நிறைந்த பொருளை மருந்தாகக் கொடுக்க முடியாது, தூய பொருளைக் கொடுக்கலாம், ஆகவே இது புதியது என்று தீர்ப்பளித்தது. எந்தத் தீர்ப்பு சரி? வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் மாணவிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவார்கள். சட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. இரசாயனவியல் ஆசிரியை என்ற முறையில் அமெரிக்க நீதிபதிகளின் பக்கமே நான். வயிற்றுக்குள் போகப்போவது மூலக்கூற்றுச் சூத்திரம் அன்று. போத்தலில் உண்மையில் இருப்பது எதுவோ அதுதான்.

இன்று ஆய்வாளர்கள் வேறு கருவிகளையும் நாடுகிறார்கள். செந்நிறக் கீழ்க் கதிர்த் திருசியத்தில், மூலக்கூற்றிலுள்ள பிணைப்புகள் தத்தமக்குரிய அதிர்வெண்களில் கதிரை உறிஞ்சுகின்றன. சலிசிலிக்கமிலத்தில் காபனும் ஒட்சிசனும் இணைந்த இரட்டைப் பிணைப்பு ஒன்றே உண்டு. அது 1660 அளவில் ஓர் உறிஞ்சலைத் தரும். அஸ்பிரினில் அத்தகைய பிணைப்புகள் இரண்டு. அமிலத்துக்குரியது 1690 அளவிலும், புதிதாக உண்டான எசுத்தருக்குரியது 1750 அளவிலும் தோன்றும். இந்த 1750 ஐக் கண்டதும் அசற்றைல் வந்து சேர்ந்துவிட்டது என்று ஆறுதலடையலாம்.

கருக்காந்தப் பரிவுத் திருசியம் இதைவிட நுணுக்கமானது. ஐதரசன் அணுக்களை எண்ணியே சொல்லிவிடும். அஸ்பிரினில் அசற்றைல் கூட்டத்தின் மூன்று ஐதரசன்களும் 2.3 என்ற இடத்தில் ஒரே உச்சமாக நிற்கும். வளையத்தின் நான்கு ஐதரசன்கள் 7 க்கும் 8.2 க்கும் இடையில் பரந்து நிற்கும். உச்சங்களின் பரப்பளவு மூன்றுக்கு நான்கு. 2.1 இல் ஒரு குட்டி உச்சம் எட்டிப்பார்த்தால், அசற்றிக்கமிலம் இன்னும் முழுமையாகக் கழுவப்படவில்லை. வடிதாளில் சோம்பலாகக் கழுவியவளை அத்திருசியம் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2022 இல் ஆபிரிக்காவின் கம்பியா நாட்டில் சிறுநீரகம் செயலிழந்து 60 இற்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ஒக்டோபர் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் நான்கு பாணி மருந்துகளைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. ஆய்வில் அவற்றில் டைஎதிலீன் கிளைக்கோல், எதிலீன் கிளைக்கோல் என்ற நஞ்சுகள் காணப்பட்டன. பாணி மருந்துகளில் கரைப்பானாகப் பயன்படும் புரொப்பிலீன் கிளைக்கோலும் டைஎதிலீன் கிளைக்கோலும் நிறமற்றவை, தடித்தவை, இனிப்பானவை. கண்ணும் நாக்கும் அவற்றைப் பிரித்தறியா. ஆனால் முன்னது 188 பாகையில் கொதிக்கும். பின்னது 245 பாகையில். அவ்வளவு வேறுபாடு இருந்தும் அவை குழந்தைகளின் வாய் வரை போய்ச் சேர்ந்தன.

தூரத்து நாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். மழைக்காலம் வந்தால் எங்கள் ஊர்களில் டெங்கு வரும். டெங்கு என்று சந்தேகம் இருந்தால் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள், அஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம் என்று வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அஸ்பிரின் குருதிச் சிறுதட்டுகளின் தொழிற்பாட்டைத் தடுக்கும். மாரடைப்பு நோயாளிக்கு அந்தக் குணமே மருந்து. டெங்கு நோயாளிக்கோ அதுவே குருதிப்பெருக்குக்கு வழி. இரண்டும் வெள்ளை மாத்திரைகள். வாப்பாவுக்குத் தினமும் கொடுக்கும் மாத்திரையை உறையிலிருந்து எடுத்து வெறும் போத்தலில் போட்டு வைக்கும் வழக்கம் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பெயர் போனபின் அந்த மாத்திரை எதுவென்று உங்கள் உம்மாவால் சொல்ல முடியுமா?

உறையிலிருந்து எடுத்துவைப்பதில் இன்னொரு கெடுதியும் உண்டு. அஸ்பிரின் நீராவியோடு மெல்ல மெல்லத் தாக்கமுற்று, வந்த வழியே திரும்பிப் போகும். சலிசிலிக்கமிலமாகவும் அசற்றிக்கமிலமாகவும் பிரியும். எங்கள் நாட்டின் ஈரக் காற்றில் இது விரைவாகவே நடக்கும். பழைய அஸ்பிரின் போத்தலைத் திறந்தால் வினாகிரி மணம் வருவது இதனால்தான்.

இதை எங்கள் ஆய்வுகூடத்திலேயே பார்க்கலாம், நீரிலி தேவையில்லை. அஸ்பிரின் மாத்திரைகளைத் தூளாக்கி மூன்று பங்காகப் பிரியுங்கள். ஒன்றை இறுக மூடி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியுடன் வையுங்கள். இரண்டாவதைத் திறந்தபடி மேசையில் விடுங்கள். மூன்றாவதை, அடியில் சிறிது நீர் உள்ள ஒரு பெரிய போத்தலுக்குள், நீரில் படாதபடி நிறுத்தி மூடுங்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து, சிறிது எதனோலில் கரைத்து, பெரிக் குளோரைட்டு ஒரு துளி விட்டு, ஊதா நிறத்தின் செறிவைக் குறித்து வாருங்கள். ஆறாவது வாரத்தில் மூன்றாவது பங்கை எதனோலில் கரைத்து, மாத்திரையில் சேர்க்கப்பட்டிருக்கும் மாப்பொருளை வடிகட்டி நீக்கி, கரைப்பானை ஆவியாகவிட்டு, எஞ்சும் தூளின் உருகுநிலையை அளவிடுங்கள். அது 135 இலும் குறைவாக இருக்கக் காண்பீர்கள். கலந்திருக்கும் சலிசிலிக்கமிலமோ 159 இல் உருகுவது. அதிக வெப்பநிலையில் உருகும் ஒன்று கலந்தும் கலவையின் உருகுநிலை ஏன் குறைந்தது? விடையை எழுதிக்கொண்டு இரண்டாம் தவணை தொடங்கும் முதல் வாரத்தில் என்னிடம் வாருங்கள்.